மலைப்பாம்பும் மிளகும்

இதனால் சகல ஜனங்களுக்கும், குறிப்பாக இன்னும் பிறந்திராத என் மகனுக்கும், அறிவிப்பது யாதெனில்: இன்று காலை ரங்கூன் பசுந்தாங் ஓடைக்கரை அரிசி ஆலைக் கூலி லைனில், குழாயடியில் மாட்டியிருக்கும் உடைந்த கண்ணாடியின் முன்னிலையில், என் இடது தாடையில் ஒரு முடி கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றே ஒன்று. கறுப்பு. இழுத்துப் பார்த்ததில் வலித்தது, ஆகவே அசல். பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் எழுந்து நின்று மரியாதை செய்யவில்லை என்பதையும் வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

ஆக, எனக்கு வயதாகிவிட்டது. வயதான தகப்பன்மார் மகனுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுவது உலக வழக்கம். எனக்கு மகன் இல்லை என்பது ஒரு சின்ன இடைஞ்சல். மகனுக்கு ஒரு தாய் வேண்டும், அவளையும் இன்னும் பார்க்கவில்லை. இந்நேரம் எங்கேயோ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாண்டி ஆடிக்கொண்டிருப்பாள், ஆடட்டும். நீ பிறந்து, வளர்ந்து, உன் தாடையிலும் ஒன்று முளைத்த பிறகு இதைப் படித்தால் போதும். அதற்குள் எனக்கு மறந்துவிடுமோ என்ற பயத்தில்தான் இப்போதே எழுதுகிறேன். பெரியவர்களைப் பார்க்கிறேன், எவ்வளவு சுலபமாக மறக்கிறார்கள்! அல்லது மறந்தவர்கள் மாதிரி நடமாடுகிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது நடப்பது அந்த இரண்டாவது ரகம்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், மற்றது பிறகு. உன் அப்பன் மீசை முளைக்காத வயதில் ஒரு செங்கல் அடுப்பைத் தனியாகக் கட்டினான். சோறு பொங்கும் அடுப்பு அல்ல, அறையைச் சூடாக வைத்திருக்கும் அடுப்பு. ஒரு வேளை விறகு தின்றால் மறுநாள் அதே நேரம்வரை சூடு தரும். அறைக்குள் ஒரு நூல் புகை வராது. வேலை முடிந்ததும் அதே கையால் இடித்தும் போட்டான், ஒரே காலையில், கடப்பாரையால், கல் கல்லாக. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இதை உன் பிள்ளைகளிடம் சொல், உரக்கச் சொல்.

ரங்கூனில் குளிர் காய அடுப்பா என்று நீ சிரிப்பாய். சிரி. மழைக்காலத்தில் சுவரும் வேர்க்கிற ஊர் இது. ஆனால் மார்கழியில் ஓடையிலிருந்து ஒரு பனி ஏறும். பலகைச் சுவரின் இடுக்கு வழியாக உள்ளே வந்து, தகரக் கூரையிலிருந்து சொட்டும். பெரிய ஆளுக்கு அது ஒரு போர்வைக் குளிர், அவ்வளவுதான். மிளகுக்கு அப்படியில்லை.

மிளகு யார் என்று கேட்கிறாயா? உனக்கு ஓர் அத்தை இருந்தாள், மகனே. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

என் அம்மாவுக்கு, அதாவது உன் அப்பாயிக்கு, எனக்குப் பிறகு பிள்ளை தங்கவில்லை. எல்லோரும் இனி இல்லை என்று நினைத்திருந்தபோது இவள் வந்தாள், வர வேண்டிய மாதத்துக்கு வெகு முன்பாகவே. லைனில் எல்லாப் பிள்ளைகளையும் எடுத்த டோ தின்தான் இவளையும் எடுத்தாள். பர்மாக்காரி, ஆனால் எங்கள் தாய்மார்களின் முனகலைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் கற்றவள். ஒரு துணி மூட்டையை என்னிடம் நீட்டினாள். உள்ளே முகம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தோலெல்லாம் சுருக்கம், சின்ன வட்டத் தலை, கறுப்பு. “மிளகு மாதிரி இருக்கு” என்றேன். அம்மா படுத்த இடத்திலிருந்தே, “வாயைக் கழுவுடா, தங்கச்சியைப் போய்” என்றாள். ஆனால் மறுநாள் அவளே, “மிளகு பால் குடிச்சாளா டோ தின்?” என்று கேட்டாள். அதற்குமேல் பெயர் வைக்க நேரம் கிடைக்கவில்லை.

டோ தின் அன்றே சொல்லிவிட்டாள்: “இது வயித்துல இருக்கவேண்டிய கலே, பச்சப் புள்ள. மாசம் முடியிற வரைக்கும் இந்த ரூம்தான் வயிறு. வயிறு குளிரக் கூடாது.” பர்மாக்காரர் வழக்கப்படி, பிள்ளை பெற்றவள் பக்கத்தில் நெருப்பு இருக்க வேண்டும். ஒரு சட்டியில் கரியைக் கனியவைத்துக் கட்டிலடியில் வைத்தாள். எங்கள் வழக்கப்படி, பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக் கூடாது. அம்மா என்னைப் பலகை இடுக்கெல்லாம் பழந்துணியால் அடைக்கச் சொன்னாள். இரண்டு வழக்கமும் தனித்தனியே நல்லவைதான். இரண்டையும் ஓர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று டோ தின் ஊரிலும் சொல்லவில்லை, எங்கள் ஊரிலும் சொல்லவில்லை. மதியம் சோறு கொண்டுபோனேன். அம்மா கண் சொருகிக் கிடந்தாள். எழுப்பினால் தலை நிற்கவில்லை.

“அமலே, ஐயோ அம்மா! கதவு திற, கதவு!” என்று டோ தின் என் பின்னால் ஓடிவந்து, கரிச்சட்டியை வெறுங்கையால் தூக்கி முற்றத்தில் எறிந்தாள்.

“காத்து... காத்து பட்டா ஜன்னி வந்துரும்” என்று அம்மா குழறினாள்.

“காத்து வந்தா கலேக்குக் குளிரும். காத்து வராட்டி உனக்கு மூச்சு வராது. நான் என்ன பண்ண?” டோ தின் சுட்ட விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா, மாங்லே, குட்டிப் பயலே? எல்லாம் தெரியும்னு சொல்லுவியே?”

“தெரியும்” என்றேன். என் வாய்க்கு அது பழக்கம். சொன்ன பிறகுதான் யோசிப்பேன்.

ஆனால் அந்த ஒரு தடவை உண்மையாகவே தெரிந்திருந்தது. நாய்களால் தெரிந்திருந்தது. உன் தாத்தா, அதாவது என் அப்பா, ஆலையில் பாய்லருக்கு உமி போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பாய்லருக்கு விடுமுறை. அன்றைக்கு லைன் நாய்களின் வாலில் தகர டப்பா கட்டுவது எனக்கு வேலை. ஒரு ஞாயிறு சாயங்காலம் கயிறும் டப்பாவுமாகப் போனேன். எல்லா நாயும் பாய்லரைச் சுற்றிக் கட்டிய செங்கல் சுவரில் முதுகை ஒட்டிப் படுத்திருந்தன. முடிச்சுப் போட உட்கார்ந்தவன் சுவரில் கை வைத்தேன். வெதுவெதுவென்றிருந்தது. தீ நின்று ஒரு நாள் போயிருந்தது. தீ செத்தாலும் கல் சாகவில்லை. சுகமாக இருந்ததால் நானும் முதுகைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது டப்பா என் காலில் கட்டியிருந்தது. உன் சித்தப்பன்மார் முறையாகும் ஒரு கூட்டத்தின் வேலை. நாய்கள்மேல் சந்தேகம் இல்லை.

ஆக, நமக்கு வேண்டியது நெருப்பு அல்ல, நெருப்பைத் தின்ற கல். நெருப்பு அறைக்குள் எரியட்டும், அதன் மூச்சு வெளியே போகட்டும், சூடு மட்டும் கல்லில் தங்கட்டும். பாய்லரிலிருந்து கழித்த, தீயில் வெடிக்காத தீச்செங்கற்கள் ஆலைப் பின்புறம் குவிந்து கிடந்தன. அவற்றைக் கேட்க மேஸ்திரியிடம் போக வேண்டும். முந்தின மாதம்தான் அவர் குடைக்குள் ஒரு தவளையைக் குடியேற்றியிருந்தேன். போய் நின்றேன்.

“என்னடா?”

“கழிச்ச கல்லு கொஞ்சம் வேணும் மேஸ்திரி.”

“கல்லு மட்டும் போதுமா? தவளை வேணாமா?”

“தவளைக்கு மன்னிச்சுக்குங்க” என்றேன். நான் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்துத்தான் அவர் பயந்திருக்க வேண்டும். “வீட்ல என்னடா ஆச்சு?” என்றார். சொன்னேன். வண்டியில் ஏற்றிவிட்டு, கூடவே ஒரு கொத்தனார் கரண்டியும் தந்தார்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. உனக்கும் ஒரு மிளகு பிறக்கலாம். மரத்தரையில் கட்டாதே, பாரத்தில் இறங்கிவிடும். எங்கள் பின்னறை மண்தரை என்பதால் பிழைத்தோம். தீயைத் தொடுகிற உள்ளடுக்குக்குத் தீச்செங்கல், வெளியடுக்குக்குச் சாதாரணச் செங்கல். பூச்சுக்குக் களிமண்ணும் மணலும்தான். சிமிட்டி சூட்டில் விரிந்து உதிரும். தீ எரியும் குழி சின்னதாக இருக்கட்டும். முக்கியம் அதற்குமேல்தான். புகையை நேராக வெளியே விட்டால் சூடும் அதோடு போய்விடும். ஆகவே கல்லாலேயே ஒரு சந்து கட்டி, புகையை மேலே ஏற்றி, கீழே இறக்கி, மறுபடி ஏற்றி, நடந்து நடந்து அது தன் சூட்டையெல்லாம் கல்லிடம் கொடுத்துவிட்டுக் களைத்துப்போய் வெளியேறும்படி செய்ய வேண்டும். குழாய்க்கு மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டிச் சுருட்டினேன். குழாயில் ஒரு தகர மூடி, இழுத்தால் திறக்கும், தள்ளினால் அடைக்கும். பலகைச் சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டையே காய்ந்துகொள்ளலாம். கட்டி முடித்து, ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு இணைப்பிலும் பிடித்துப் பார். ஊதுபத்திப் புகை கல்லுக்குள் இழுபட்டால் அங்கே விரிசல், பூசு. ஈரம் காய்வதற்குள் பெரிய தீ மூட்டாதே. எனக்குக் காத்திருக்க நேரமில்லை, வெடித்தது. டோ தின் வந்து, உமி கலந்த களிமண்ணை அப்பி, “உன் மூஞ்சி மாதிரி இருக்கு” என்று திருப்தியாகச் சொன்னாள்.

விறகுக்குக் கவலை இல்லை, ஓடைக்கரை மரவாடிகளில் காய்ந்த வெட்டுத்துண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும். மெல்லிசாகப் பிளந்து, இடைவெளி விட்டு அடுக்கி, காற்றைத் தாராளமாக விட்டு, சடசடவென்று ஒரே மூச்சில் எரித்துவிட வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று ஈர விறகைப் புகையவிட்டால் விறகும் வீண், சந்தெல்லாம் கரியும் அடையும். எல்லாம் எரிந்து, தணலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை என்று பார்த்த பிறகே குழாயை மூடு. முன்னால் மூடினால் கரிச்சட்டி கதைதான். மூடிய பிறகு அது பாட்டுக்குப் படுத்திருக்கும். ஒரு தரம் விழுங்கிவிட்டு நாள் முழுக்க அசையாமல் கிடப்பதாலும், உள்ளே குடல் வளைந்து வளைந்து போவதாலும், அதற்கு மலைப்பாம்பு என்று பெயர் வைத்தேன். அம்மா முதல் நாள் பயந்தாள். இரண்டாம் நாள், “உன் பாம்புக்கு இரை போட்டியாடா?” என்றாள்.

மலைப்பாம்பின் தலையில் ஒரே ஒரு கல்லை மட்டும் பூசாமல் விட்டேன். காலையில் அதை எடுத்து, அம்மாவின் பழைய சேலைத் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, என் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சுடவில்லை என்றால் மிளகின் காலடியில் வைப்பேன். ஆறினால் மறுபடி மலைப்பாம்பின் தலைக்கு. அவள் பாதம் இரண்டும் சேர்ந்தே என் கட்டைவிரல் அளவுதான். கல் வந்ததும் விரல்களை விரிப்பாள். அதைப் பார்க்க டோ தின், அம்மா, நான் மூன்று பேரும் குனிந்து காத்திருப்போம்.

உன் தாத்தாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டு சொல் தெரியும். ஒன்று “ம்”, மற்றது “ம்ஹும்”. பாய்லர் இரைச்சலில் மற்றவற்றைத் தொலைத்துவிட்டார். ஆலையில் அவருக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றுதான்: தீ நிற்கக் கூடாது. நின்றால் நீராவி போயிற்று, நீராவி போனால் ஆலை நிற்கும். அப்படிப்பட்டவர் வேலை முடிந்து பின்னறைக்கு வந்து பார்க்கிறார். அடுப்பில் தீ இல்லை. பாவம், அவரால் தாங்க முடியவில்லை. நான் குழாயை மூடிவிட்டு அந்தப் பக்கம் போனால், இவர் இந்தப் பக்கம் வந்து குழியில் இரண்டு கட்டையைச் செருகுவார். மூடிய குழாயில் புகை எங்கே போகும்? அறைக்குள் வரும். மிளகு தும்மினாள். அந்தத் தும்மல் ஒரு கடுகு வெடித்த மாதிரி இருந்தது.

“அப்பா, தீ அணையணும். அணைஞ்சாத்தான் சூடு.”

“ம்ஹும்.”

“கல்லுல கை வைச்சுப் பாருங்க.”

வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. பிறகு “ம்” என்றார். ஆனால் நம்பவில்லை. அதற்குப் பிறகும் ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அறைவாசலில் நிற்பார், போடவும் மாட்டார், கீழே வைக்கவும் மாட்டார். நான் அவரைப் பார்த்து ஆலைச் சங்கு மாதிரி ஊதிக் காட்டுவேன். அம்மா சிரிப்பாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “வலிக்குதுடா, சிரிக்க வைக்காதே” என்பாள். மகனே, அந்த அறையில் சிரித்திருக்கிறோம். பொங்கல் பானைகூட அந்த அறை வாசலில்தான் வைத்தோம், அவளுக்கும் கேட்கட்டும் என்று. என் வேடிக்கைகளையெல்லாம் மிளகிடம்தான் முதலில் சொல்லிப் பார்ப்பேன். இதற்கு முன் கேட்டதுதான் என்று சொல்லாத ஒரே ஆள் அவள்.

பொங்கல் கழிந்த பிறகு அவள் பாலை விழுங்குவது குறைந்தது. பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தால் ஓரமாக வழிந்துவிடும். அறை சூடாகத்தான் இருந்தது. நான் விறகைக் கூட்டினேன், இரண்டு வேளையாக்கினேன். டோ தின் மலைப்பாம்பின் மேல் கை வைத்துவிட்டு, “இது சரியாத்தான் இருக்கு மாங்லே” என்றாள். வேறு எது சரியில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதற்கும் கேள்வி கேட்கிறவன், அதை மட்டும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம். வெளியே நல்ல வெயில். அம்மா சுவரில் சாய்ந்து அவளை மடியில் போட்டிருந்தாள். நான் காலடிக் கல்லை மாற்ற வந்தேன். பழைய கல்லை எடுத்தபோது விரல்கள் விரியவில்லை. புதுக் கல்லை வைத்தேன், அப்போதும் விரியவில்லை. தூங்குகிறாள் என்று அம்மா சொன்னாள். பாதம் இதமாக இருந்தது. கை இதமாக இருந்தது. கன்னமும் அப்படித்தான். நாங்கள் பேசிக்கொண்டேயிருந்தோம், அவளை எழுப்பக் கூடாது என்று தணிந்த குரலில். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். டோ தின் வந்து மூக்கருகே விரலை வைத்த பிறகுதான் தெரிந்தது. என் அடுப்பு அவ்வளவு நன்றாக வேலை செய்தது, மகனே. அவள் போன பிறகும் அவளைச் சூடாகவே வைத்திருந்தது.

அப்பாவுக்கு ஆள் போயிற்று. உமித் தூசி ஒட்டிய உடம்போடு ஓடிவந்தார். அவள் காலைத் தொட்டார். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை ஏமாற்றுகிறோம் என்பதுபோல. எனக்கு அந்தப் பெயர் உண்டு அல்லவா.

“சூடாத்தானேடா இருக்கா” என்றார். “டேய், சூடாத்தானே இருக்கா, தொட்டுப் பாரேன். நீதானே சொன்னே, தீ நின்னாலும் சூடு நிக்கும்னு. நீதானே சொன்னே.”

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பிறகு அடுப்பின் முன் உட்கார்ந்து விறகு போட ஆரம்பித்தார். அந்த வெயிலில். அறையில் நிற்க முடியவில்லை, எல்லோருக்கும் வேர்த்தது. டோ தின் தடுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: எட்டி, குழாய் மூடியை இழுத்துத் திறந்துவிட்டேன், புகை அவர்மேல் திரும்பாமல். என் அடுப்பு வித்தையில் அது ஒன்றை மட்டும் அன்றைக்குப் பயன்படுத்த முடிந்தது. சாயங்காலம் தாமுவே இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மண் சில்லென்றிருந்தது. அதைப் பற்றி எனக்கு எழுத வராது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் மிளகு என்று சொல்வதில்லை. ரசத்துக்குக்கூட அம்மா, “அந்தக் கறுப்பை எடு” என்கிறாள். அப்பா பழையபடி இரண்டு சொல்லுக்குத் திரும்பிவிட்டார். பின்னறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. நான் லைனில் வழக்கம்போல் வேடிக்கை காட்டுகிறேன், மேஸ்திரி குடையில் இப்போது ஓணான். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் அவள் இருந்தாள் என்பதற்கு என்னைத் தவிர யார் சாட்சி சொல்வார்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் உனக்கு. உனக்கு ஓர் அத்தை இருந்தாள். உன்னைவிட எப்போதும் சின்னவளாகவே இருப்பாள். அவளுக்குக் கல் சூடு பிடிக்கும். தும்மினால் கடுகு வெடிக்கும். உன் தாத்தா உன்னிடம் “ம்” என்றால், அதற்குள் நிறைய இருக்கிறது என்று தெரிந்துகொள். நானும் வயதாகி அப்படி ஆகிவிட்டால், நீ விடாதே, ஆலைச் சங்கு மாதிரி என் முன்னால் ஊது.

நன்றாக முடித்துவிட்டேன் அல்லவா? இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் பெரிய ஆள். ஆனால் மேலே ஒரு பெருமை எழுதினேன், கடப்பாரை, ஒரே காலை, கல் கல்லாக என்று. அதைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

கடப்பாரை எடுத்தது உண்மை. இன்று காலைதான், முடி கண்டுபிடித்த கையோடு, பெரியவனாகிவிட்ட தைரியத்தில் பின்னறைக்குள் போனேன். எங்கே தொடங்குவது? பூசாமல் விட்ட அந்தத் தலைக்கல்லில் கை வைத்தேன். சூடாக இருந்தது. அவள் போன பிறகு நான் ஒரு குச்சிகூட அதில் எரிக்கவில்லை. அம்மா அந்தப் பக்கமே வருவதில்லை. குழிக்குள் குனிந்து பார்த்தேன். சாம்பல் புதுசு. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. குழாய் ஒழுங்காக, நான் சொன்னபடியே, மூடியிருந்தது. அடியில் உமித் தூசி படிந்த காலடித் தடம்.

தீயை அணையவிடத் தெரியாத மனுஷர், மகனே. தீ அணையும்வரை உட்கார்ந்திருந்து, மூடிவிட்டு, வேலைக்குப் போயிருக்கிறார்.

கடப்பாரையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இடிக்கவில்லை. ஒரு கல்லும் இடிக்கவில்லை. இப்போது இதை அதில் முதுகைச் சாய்த்துத்தான் எழுதுகிறேன், அந்த நாய்கள் மாதிரி. எழுதி முடித்ததும் மரவாடிக்குப் போய் வெட்டுத்துண்டு கொண்டுவந்து வாசலில் போட வேண்டும்; அவர் பார்க்கிற இடத்தில், நான் போட்டது தெரியாதபடி. இன்னொன்று, கண்ணீர் விடவில்லை என்று எழுதியது. அதையும் அடித்துவிடு. நான் கட்டிய அடுப்பில் ஒரே ஒரு குறை இருக்கிறது. ஒரு நூல் புகை வராது. கண்ணில் நீர் வந்தால், புகை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.